கேட்டயானிக் பருத்தி: சின்னத் துண்டில் அருமையான ஷேடு, ஐந்து மீட்டரில் திட்டு. எங்கே சறுக்குகிறது?

இழைவேதி (கேள்வி)

வணக்கம். வேதியியல் முதுகலை முடித்துவிட்டு, சாயமிடல் மற்றும் இழை மாற்றம் பக்கம் ஆய்வுக்கு வந்திருக்கிறேன். உப்பே போடாமல் ரியாக்டிவ் சாயம் (இழையோடு வேதிப்பிணைப்பு கொள்ளும் சாயம்) ஏற, பருத்தியைக் கேட்டயானிக் ஆக்குவதுதான் வேலை, அதாவது இழையில் நேர்மின் இடங்களைப் பொருத்துவது. வினைப்பொருள் 3-குளோரோ-2-ஹைட்ராக்சிபுரோப்பைல் ட்ரைமெத்தில் அம்மோனியம் குளோரைடு. சந்தையில் கிடைக்கும் 65% கரைசல். இனி சிஎச்பிடிஏசி என்றே எழுதுகிறேன்.

செய்முறை: ஸ்கவரிங் (மெழுகு, அழுக்கு நீக்கல்), ப்ளீச்சிங் முடிந்த 150 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 150 கிராம்) பாப்ளின், அகலம் ஒன்றரை மீட்டர். பேட் குளியலில் (துணியை நனைத்து உருளைகளுக்கிடையில் பிழியும் கரைசலில்) சிஎச்பிடிஏசி கரைசல் 100 கிராம்/லிட்டர், காஸ்டிக் (சோடியம் ஹைட்ராக்சைடு) 40 கிராம்/லிட்டர். பிக்கப் (துணி எடையில் அது எடுத்துப்போகும் கரைசல்) 90%. பாலித்தீன் சுற்றி அறை வெப்பத்தில் 20 மணி நேரம். பிறகு அலசி, அசிட்டிக் அமிலத்தில் நடுநிலையாக்கி, ரியாக்டிவ் பிளாக் 5 துணி எடையில் 2%, உப்பு இல்லாமல் 60 டிகிரியில் சாயமிடல். சாயத்தைத் தொடக்கத்திலேயே மொத்தமாகப் போடுகிறேன்.

10 கிராம் துண்டில் கே/எஸ் (பிரதிபலிப்பிலிருந்து கணக்கிடும் நிற அடர்த்தி) 22 வருகிறது. சாதாரணத் துணியில் 60 கிராம்/லிட்டர் உப்போடு செய்தால் 16தான். ஆனால் நீளத் துணியில் மூன்று தொல்லைகள்.

ஒன்று, ஒரே குளியலில் அடுத்தடுத்து ஓட்டிய துண்டுகளில் கடைசித் துண்டு வெளிர். ஓரங்களும் வெளிர். இரண்டு, நடுவில் மேகம் போலத் திட்டு. மூன்று, வெளிச்ச உறுதி ஒரு புள்ளி குறைகிறது, ஈர உரசலும் மோசம்.

கே/எஸ் கூடியதை "ஃபிக்சேஷன் (இழையோடு நிலையாகப் பிணைந்த சாயத்தின் பங்கு) கூடியது" என்று எழுதலாமா? இந்தத் துறையில் வேதியியலாளராகத் தொடர நினைப்பவர் எந்தப் பக்கம் ஆழமாகப் போவது நல்லது என்பதையும் சொல்லுங்கள்.

பேடர்

முதலில் காஸ்டிக் கணக்கைப் பாருங்கள். 100 கிராம் கரைசலில் செயல்படு பொருள் 65 கிராம். மூலக்கூறு எடை 188, ஆக 0.346 மோல். நீங்கள் போடும் காஸ்டிக் 40 கிராம், அதாவது 1 மோல். விகிதம் 2.9. ஒரு மோல் காஸ்டிக், குளோரோஹைட்ரினை எபாக்சைடாக மாற்றவே செலவாகிவிடும். மீதிதான் செல்லுலோசின் ஹைட்ராக்சிலைத் தூண்டும். பொதுவாக விகிதம் 2 போதும். உங்கள் அளவுக்கு 27 முதல் 28 கிராம்/லிட்டர். அதற்கு மேல் போகும் காரம் பருத்திக்கு எவ்வளவு உதவுகிறதோ, எபாக்சைடு தண்ணீரோடு சேர்ந்து டையால் ஆவதற்கும் அவ்வளவு உதவும். டையால் ஆன பிறகு அது துணிக்குப் பயன்படாது, நேராகக் கழிவுநீருக்குத்தான்.

அடுத்து குளியலின் வயது. ஐந்து மீட்டர் துணி சுமார் 1.1 கிலோ. 90% பிக்கப்பில் அது எடுத்துப் போவது ஒரு லிட்டர்தான். தொட்டியில் நான்கு லிட்டர் நின்றால், கடைசித் துண்டு பழைய குளியலில்தான் நனைகிறது. இதற்கிடையில் எபாக்சைடு குறைந்துகொண்டே வரும். போதாக்குறைக்கு, பருத்தி தண்ணீரைவிடக் காரத்தைக் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும். குளியலின் விகிதமே மெல்ல நகர்ந்துவிடும். கடைசித் துண்டு வெளிறுவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

சரி செய்வது எப்படி: சிஎச்பிடிஏசியை ஒரு பாத்திரத்தில் நீர்த்து வையுங்கள், காஸ்டிக்கை இன்னொன்றில். இரண்டையும் 20 டிகிரிக்குக் குளிர்வித்து, பேடிங் தொடங்கும் நிமிடத்தில் கலக்குங்கள். கெட்டியான காஸ்டிக்கை நேராக ஊற்றினால் குளியல் சூடாகிவிடும், எபாக்சைடின் ஆயுள் குறையும். இரண்டு டோசிங் பம்ப் இருந்தால் இன்னும் நல்லது. தொட்டி அரை லிட்டருக்கு மேல் வேண்டாம். வி வடிவத் தொட்டி இல்லையென்றால் உள்ளே ஒரு மூடிய குழாயைக் கிடத்தி இடத்தை அடைத்துவிடலாம்.

ஓரம் வெளிறுவது பேட்சிங்கில் (நனைத்த துணியைச் சுருட்டி மூடிவைக்கும் கட்டத்தில்) வரும் கோளாறு. சுருளின் இரு முனைகளிலும் பாலித்தீன் சரியாக மூடாவிட்டால் ஓரம் காயும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு அங்கே காஸ்டிக்கைக் கார்பனேட்டாக்கிவிடும். கார்பனேட்டின் காரத்தன்மை இந்த வினைக்குப் போதாது. முனைகளை மடித்து ரப்பர் பட்டையால் கட்டுங்கள், சுருளை மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கவிடுங்கள். நிறுத்தி வைத்தால் திரவம் அடிப்பக்கம் இறங்கி, சாயமிட்ட பிறகு நீளவாக்கில் சீரான இடைவெளியில் பட்டை தெரியும். 25 டிகிரிக்கு 16 முதல் 24 மணி நேரம். அறை குளிர்ந்திருந்தால் நேரத்தைக் கூட்டுங்கள், வெப்பத்தைக் கூட்ட வேண்டாம்.

பேட்-டிரை-கியூர் (நனைத்து, உலர்த்தி, சூட்டில் வினைபுரியவைக்கும் முறை) பக்கம் போகாதீர்கள். உலரும்போது வினைப்பொருள் ஈரத்தோடு மேற்பரப்புக்கு நகரும், முன்பக்கம் ஒரு ஷேடு பின்பக்கம் ஒரு ஷேடு ஆகிவிடும். காரத்தோடு சூடு சேர்ந்தால் நான்காம்நிலை அமோனியம் உடைந்து ட்ரைமெத்தில்அமீன் வெளிவரும். மீன் நாற்றம் அடித்தால் அதுதான். அந்த நாற்றம் வந்த துணியைச் சாயமிட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

நடுநிலை

மேகத் திட்டுக்குப் பேடிங்கை மட்டும் குறை சொல்ல முடியாது. ப்ளீச்சிங்கில் போட்ட வெட்டிங் ஏஜென்ட் (நனைப்பான்) ஆனயானிக்கா, அதாவது எதிர்மின் உள்ளதா என்று பாருங்கள். ஆப்டிகல் பிரைட்டனர் (துணியை வெள்ளையாகக் காட்டும் ஒளிர்பொருள்) ஏறிய துணியா என்றும் பாருங்கள், அதுவும் ஆனயானிக். துணியில் மீந்திருக்கும் ஆனயானிக் எதுவானாலும் நேர்மின் இடங்களைப் பிடித்துக்கொள்ளும். அந்த இடத்தில் சாயம் குறையும். புற ஊதா விளக்கில் துணியைக் காட்டினாலே பிரைட்டனர் தெரிந்துவிடும். கேட்டயானிக் ஆக்கியபின் அலசும்போதும் நான்-அயானிக் (மின்சுமையற்ற) சலவைப்பொருள் மட்டும்.

சாயமிடும் முன் இந்தச் சோதனையைக் கட்டாயமாக்குங்கள். துணியின் தொடக்கம், நடு, முடிவு மூன்றிலும் அகலம் முழுக்க 10 செ.மீ. பட்டை வெட்டுங்கள். ஆசிட் ஆரஞ்சு 7 போல ரியாக்டிவ் குழு எதுவும் இல்லாத ஆசிட் சாயம், 0.2 கிராம்/லிட்டர், சில துளி அசிட்டிக் அமிலம், அறை வெப்பம். பட்டையை இரண்டு நிமிடம் அசைத்து, குளிர்ந்த நீரில் அலசுங்கள். சாதாரணப் பருத்தியில் சாயம் ஏறக்குறைய முழுதும் போய்விடும். கேட்டயானிக் இடத்தில் நிற்கும். வினை எங்கே நடந்தது, எங்கே நடக்கவில்லை என்பது பட்டையிலேயே வரைபடமாகத் தெரியும். பிக்கப் விரல் அழுத்தம் பட்ட இடத்தில் குறைந்திருந்தால் விரல் தடம்கூடத் தெரியும். இதில் திட்டு இருந்தால் சாயமிடலில் என்ன செய்தாலும் திட்டுதான். இதில் சீராக வந்து, ரியாக்டிவில் திட்டு வந்தால் அப்போது சாயமிடும் முறையைத் தொடுங்கள்.

சாயக்கணக்கு

முறையையும் தொட வேண்டும், நண்பரே. சாதாரணப் பருத்தியில் நீரில் இழைக்கு எதிர்மின், சாயத்துக்கும் எதிர்மின். உப்புப் போட்டுத் தள்ளுவிசையைக் குறைத்தால்தான் சாயம் மெல்ல ஏறும். எவ்வளவு வேகமாக ஏற வேண்டும் என்பது உப்பைப் போடுகிறவர் கையில் இருக்கும். கேட்டயானிக் துணியில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. சாயம் இழையைக் கண்டதும் ஒட்டும். முதலில் தொட்ட இடம் கறுப்பு, பிந்திய இடம் சாம்பல். பீக்கரில் கண்ணாடிக் குச்சியால் கிளறும் 10 கிராம் துண்டில் இது தெரியாது.

ஒரு கணக்கு போடுவோம். 90% பிக்கப்பில் ஒரு கிலோ துணிக்கு 0.311 மோல் சிஎச்பிடிஏசி போகிறது. பாதி வினைபுரிந்தது என்று வைத்தால் 0.155 மோல் நேர்மின் இடங்கள். பிளாக் 5 மூலக்கூறு எடை 992, அதில் இரண்டு சல்ஃபோனேட், இரண்டு சல்ஃபேட் எஸ்டர், ஆக நான்கு எதிர்மின். துணி எடையில் 2% என்றால் 20 கிராம். முழுத் தூய்மை என்று வைத்தாலும் 0.02 மோல், மின்சுமைக் கணக்கில் 0.08. வணிகச் சாயத்தில் உப்பும் நிரப்பியும் கலந்திருப்பதால் உண்மையில் இன்னும் குறைவு. சாயத்தைவிட இரண்டு மடங்கு இடங்கள் காலியாகக் காத்திருக்கின்றன. அப்புறம் சாயம் ஏன் இழைக்குள்ளே போகும்? வெளித்தோலிலேயே நின்றுவிடும். உங்கள் ஈர உரசல் பிரச்சினைக்கு இது பெரிய காரணம்.

ஆகவே கேட்டயானிக் அளவை ஷேடுக்கு ஏற்ப வையுங்கள். 2% ஷேடுக்கு 50 முதல் 60 கிராம்/லிட்டரில் தொடங்கிப் பாருங்கள், 0.5% வெளிர் ஷேடுக்கு அதற்கும் கீழே. வெளிர் ஷேடுதான் இதில் எமன். கறுப்பில் மறைகிற திட்டு, வெளிர் நீலத்தில் மறையாது.

சாயமிடும் வரிசை: 30 டிகிரி, பிஎச் 6 முதல் 6.5. துணி சுற்ற ஆரம்பித்து ஐந்து நிமிடம் ஆனபின் சாயத்தை 25 முதல் 30 நிமிடத்தில் சீராக ஊற்றுங்கள். நிமிடத்துக்கு 1 டிகிரி ஏற்றி 60 டிகிரி. அங்கே 15 நிமிடம் நிறுத்தி, சோடா ஆஷை மூன்று தவணையாக, முதல் தவணையைச் சின்னதாக. காரம் சேர்ந்ததும் சல்ஃபேட் கழன்று வினைல் சல்ஃபோன் ஆகும், மூலக்கூறின் எதிர்மின் நான்கிலிருந்து இரண்டாகும். பிடிப்பு தளர்ந்து கொஞ்சம் நகர்வதற்கு அப்போது ஒரு வாய்ப்பு உண்டு. கோவேலன்ட் பிணைப்பு (சகப்பிணைப்பு) தொடங்கிவிட்டால் அதுவும் போச்சு.

வேகத்தை இன்னும் அடக்க வேண்டுமென்றால் கிளாபர் உப்பு (சோடியம் சல்ஃபேட்) 2 முதல் 5 கிராம்/லிட்டர். "உப்பில்லாமல்" என்று தலைப்பு வைத்துவிட்டு உப்பா என்று கேட்காதீர்கள். கம்பளியில் ஆசிட் சாயத்துக்கு அது செய்யும் வேலையைத்தான் இங்கேயும் செய்கிறது: சல்ஃபேட் அயனி நேர்மின் இடத்துக்குப் போட்டியிட்டுச் சாயத்தைத் தாமதப்படுத்தும். பழக்கதோஷத்தில் 60 கிராம் போட்டால் எக்ஸாஸ்டே (குளியலிலிருந்து துணிக்கு ஏறும் சாயத்தின் பங்கு) குறையும். புதிதாக வருபவர்கள் இந்த இடத்தில் குழம்புவார்கள்.

உரசல்_எண்

கே/எஸ் பற்றிக் கேட்டீர்கள். அதை ஃபிக்சேஷன் என்று எழுதினால் தேர்வாளர் விடமாட்டார், விடவும் கூடாது. கே/எஸ் பிரதிபலிப்பிலிருந்து வருவது: ஒன்றிலிருந்து பிரதிபலிப்பைக் கழித்து, அதன் வர்க்கத்தைப் பிரதிபலிப்பின் இரு மடங்கால் வகுப்பது. பிரதிபலிப்பு 5% என்றால் 9, 2.2% என்றால் ஏறக்குறைய 22. அடர் ஷேடில் பிரதிபலிப்பு 0.2% பிசகினாலே கே/எஸ் இரண்டுக்கு மேல் ஆடும். அது போக, இதே அளவு சாயம் இழையின் தோலில் குவிந்தால், உள்ளே பரவியதைவிட அடர்த்தியாகத் தெரியும். 16லிருந்து 22 ஆனதில் எவ்வளவு கூடுதல் சாயம், எவ்வளவு வெறும் தோல் பூச்சு என்று அந்த எண் சொல்லாது.

மூன்று அளவீடுகள் வேண்டும். முதலாவது குளியலின் உறிஞ்சுமை, முன்னும் பின்னும், 597 நானோமீட்டரில், இரண்டையும் ஒரே பிஎச்சுக்குக் கொண்டுவந்து. எக்ஸாஸ்ட் கிடைக்கும்.

இரண்டாவது ஸ்ட்ரிப்பிங், அதாவது ஏறிய சாயத்தைக் கழற்றிப் பார்ப்பது. இங்கேதான் கேட்டயானிக் பருத்தி ஏமாற்றும். சாதாரணத் துணியில் நீராற்பகுப்பான (தண்ணீரோடு வினைபுரிந்து வீணான) சாயம் சோப்பிங்கில் (சோப்பு நீர் அலசலில்) போய்விடும், நிற்பதெல்லாம் கோவேலன்ட் என்று எடுத்துக்கொள்ளலாம். கேட்டயானிக் துணியில் நீராற்பகுப்பான சாயமும் அயனிப் பிணைப்பில் நிற்கும். சோப்பு நீர் தெளிவாக வரும், "வாஷ் ஆஃபே தேவையில்லை" என்று தோன்றும். பிறகு வீட்டுச் சலவைத்தூளின் ஆனயானிக் சர்ஃபேக்டன்ட் பட்டதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று பக்கத்துத் துணியில் ஏறும்.

அதனால் ஒரு கட்டுப்பாட்டு மாதிரி அவசியம். பிளாக் 5 கரைசலைச் சோடா ஆஷோடு 90 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து முழுதாக நீராற்பகுப்பு செய்து, நடுநிலையாக்கி, அதை உங்கள் கேட்டயானிக் துணியில் ஏற்றுங்கள். இதில் ரியாக்டிவ் குழு உயிரோடு இல்லை, ஏறியது அத்தனையும் அயனிப் பிணைப்பு. இந்தத் துணியையும் உண்மையான மாதிரியையும் ஒரே 25% பிரிடின் கரைசலில், புகைபோக்கிக்குள், கொதிநிலையில், புதுப்புதுக் கரைசலாக மாற்றி, நிறம் வராத வரை ஸ்ட்ரிப் செய்யுங்கள். கட்டுப்பாட்டுத் துணியில் 30% நிற்கிறதென்றால் உங்கள் ஸ்ட்ரிப்பிங் முறை அயனிப் பிணைப்பை முழுதாக எடுக்கவில்லை என்று அர்த்தம், அந்த முறையில் வந்த ஃபிக்சேஷன் எண்ணை நம்ப முடியாது. இந்தக் கட்டுப்பாடு இல்லாமல் "95% ஃபிக்சேஷன்" என்று எழுதியதைப் பார்த்தால் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம்.

மூன்றாவது குறுக்குவெட்டு. நூலை இறுக்கமாகத் துளைத் தகட்டில் இழுத்து, இருபுறமும் சவரக் கத்தியால் சீவி, 400 மடங்கில் பாருங்கள். அவரை விதை போன்ற பருத்தி இழையில் விளிம்பு கறுப்பு, நடு வெளிர் என்றால் வளையச் சாயம். ஐந்து நிமிட வேலை. விளக்கமாக எழுதும் ஐந்து பக்கத்தைவிட அந்த ஒரு படம் பேசும்.

வெளிச்ச உறுதி குறைவதை முழுதாக ஒழிக்க முடியாது. கேட்டயானிக் ஃபிக்சிங் ஏஜென்ட் போட்ட துணியிலும் இதே குறைவு வரும். கேட்டயானிக் அளவைக் குறைத்தால் அரைப் புள்ளி திரும்பக் கிடைக்கலாம். சோதனையை ஐஎஸ்ஓ 105-பி02வில் செய்யுங்கள், உரசலுக்கு எக்ஸ்12, சலவைக்கு சி06. சி06இல் பக்கத்துத் துணியாக வெள்ளைக் கேட்டயானிக் பருத்தியையும் ஒரு முறை தைத்துப் பாருங்கள். அது எல்லா நிறத்தையும் வாரி எடுக்கும். சலவை இயந்திரத்தில் போடும் நிறம் பிடிக்கும் தாளின் வேதியியலும் இதே வகைதான். வெள்ளைப் பகுதி உள்ள கோடு போட்ட துணிக்கு இந்த முறை ஏன் ஆபத்து என்பது அப்போது புரியும்.

இழைவேதி

எல்லோருக்கும் நன்றி. ஆசிட் சாயச் சோதனையும் நீராற்பகுப்புக் கட்டுப்பாடும் என் திட்டத்தில் இல்லவே இல்லை, சேர்க்கிறேன். நைட்ரஜன் அளவை ஜெல்டால் முறையில் எடுத்தேன், 0.22%. இது நல்லதா கெட்டதா? "உப்பில்லாச் சாயமிடல், கழிவுநீர்ச் சுமை குறைவு" என்று முடிவுரையில் எழுதினால் தாங்குமா?

சமநிலை

0.22% என்பதை விளைச்சலாக மாற்றுங்கள். 0.311 மோல் முழுதும் வினைபுரிந்தால் கிலோவுக்கு 4.36 கிராம் நைட்ரஜன், அதாவது 0.44%. ஆக உங்கள் விளைச்சல் ஏறக்குறைய 50%. ஆனால் இரண்டு கழித்தல்: வினைபுரியாத துணியின் நைட்ரஜன் எவ்வளவு, அதைக் கழித்தீர்களா? துணியை வெந்நீரில் பலமுறை அலசியபின் எடுத்ததா? டையால் உப்பு துணியில் மீந்திருந்தால் அதுவும் நைட்ரஜனாகத்தான் எண்ணப்படும்.

கழிவுநீர்க் கணக்கை ஒரு கிலோ துணிக்குப் போடுங்கள். வழக்கமான முறை: லிக்கர் 1:8 (ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் குளியல்), உப்பு 60 கிராம்/லிட்டர், ஆக 480 கிராம் உப்பு. கேட்டயானிக் முறை, காஸ்டிக் விகிதம் 2: குளோரோஹைட்ரின் எபாக்சைடாகும்போதே 0.311 மோல் சாதா உப்பு பிறக்கும், 18 கிராம். மீதிக் காஸ்டிக்கை அசிட்டிக் அமிலத்தால் நடுநிலையாக்கினால் சோடியம் அசிடேட் 25 கிராம் சொச்சம். 480க்கு எதிரே 43. கரைந்த திடப்பொருள் விஷயத்தில் வாதம் பலமாகவே நிற்கும். ஆனால் "உப்பே இல்லை" என்பது தவறு. சோடா ஆஷ் இரு பக்கமும் உண்டு, அதையும் அட்டவணையில் காட்டுங்கள்.

மறுபக்கம்: வினைபுரியாத பாதி, கிலோவுக்கு 2.2 கிராம் நைட்ரஜன், நான்காம்நிலை அமோனியம் டையாலாகக் கழிவுநீருக்குப் போகிறது. வழக்கமான முறையில் இது கிடையாது. கூடுதலாக ஒரு நாள் பேட்சிங், அதற்கான அலசல் நீர். சோப்பிங் குளியல்கள் குறைவதால் அந்த நீரில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கலாம், ஆனால் மேலே சொன்ன அயனிப் பிணைப்புச் சிக்கல் தீர்ந்தால்தான் சோப்பிங்கைக் குறைக்க முடியும். இவை எல்லாம் ஒரே பக்கத்தில் இருந்தால்தான் அது முடிவுரை.

எந்தப் பக்கம் ஆழமாகப் போவது என்ற கேள்விக்கு என் கருத்து. புதிய கேட்டயானிக் வினைப்பொருள் ஒன்றைத் தொகுத்து, 10 கிராம் துண்டில் கே/எஸ் காட்டும் வேலை நிறைய நடந்துவிட்டது. லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் லூயிஸ் குழு பல ஆண்டுகளுக்கு முன்பே இந்த வழியில் நிறையப் போய்ப் பார்த்தது. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஹாசர் 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதே சிஎச்பிடிஏசியைப் பேட்-பேட்ச் முறையில் செய்து, சுற்றுச்சூழல் கணக்கையும் செலவுக் கணக்கையும் சேர்த்தே போட்டார். வினை தெரிந்ததுதான். சாயப்பட்டறைகள் இன்னும் தயங்குவது சீரின்மைக்கும், ஒரு முறை வந்த ஷேடு மறுமுறை வராததற்கும். விளைச்சலை 50%க்கு மேல் கொண்டுபோவது, நேர்மின் இடங்கள் இழைக்குள் எவ்வளவு ஆழத்தில் அமைகின்றன என்பதைக் கட்டுப்படுத்துவது, மூன்று சாயக் கலவையில் மூன்றும் ஒரே வேகத்தில் ஏறவைப்பது: இந்த மூன்றில் ஒன்றை எடுத்தால் ஆராய்ச்சிக்கும் வேலைக்கும் உதவும்.

கடைசியாகச் சொன்னது எளிதாகத் தோன்றும், ஆனால் கடினம். உப்பு முறையில் ஒத்துப்போகும்படி தேர்ந்தெடுத்த சிவப்பு, மஞ்சள், நீலம் இங்கே ஒத்துப்போகாது, ஏனென்றால் இங்கே வேகத்தைத் தீர்மானிப்பது சாயத்தின் எதிர்மின் எண்ணிக்கை. நான்கு சல்ஃபோனேட் உள்ளது முந்தும், இரண்டு உள்ளது பிந்தும்.

வேலை என்று பார்த்தால் சாய நிறுவனங்களின் அப்ளிகேஷன் ஆய்வகம், ஆக்சிலரி தயாரிப்பு, கழிவுநீர் மீட்பு, துணி ஆய்வு நிலையங்கள் என நான்கு பக்கமும் வேதியியலாளருக்கு இடம் உண்டு. எங்கே போனாலும் பேடரின் அழுத்தத்தை இடது, நடு, வலது என்று அளந்து சரிசெய்யவும், ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் ரெசிபி கணிக்கவும் கை பழகியிருக்க வேண்டும். என்எம்ஆர் படிக்கத் தெரிந்தவர் நிறையப் பேர் கிடைப்பார்கள், பேடர் உருளையின் நடுவில் அழுத்தம் குறைவதைக் கண்டுபிடிப்பவர் குறைவு. 1954இல் ராட்டியும் ஸ்டீஃபனும் ஐசிஐ என்ற பிரிட்டிஷ் வேதி நிறுவனத்தில் சாயத்தைச் செல்லுலோசோடு பிணைத்தபோது, இரண்டே ஆண்டில், 1956இல், அது புரோசியன் என்ற ரியாக்டிவ் சாய வரிசையாகச் சந்தைக்கு வந்தது. அவர்கள் வேலை செய்தது துணிச் சாயமிடலை அன்றாடம் பார்க்கும் சூழலில் என்பதும் அந்த வேகத்துக்குக் காரணம்.

பேடர்

ஒன்று விட்டுப்போச்சு. காரம் சேர்ந்ததும் உருவாகும் எபாக்சைடு தோல் ஒவ்வாமை உண்டாக்கும், புற்றுநோய் ஆபத்துள்ள பொருளாகவும் வகைப்படுத்தப்பட்டது. நைட்ரைல் கையுறை, கண்ணாடி, தரையில் சொட்டாத தட்டு. பேட் செய்த ஈரத் துணியை வெறுங்கையால் மடிக்கவே கூடாது. மீந்த குளியலை உடனே சாக்கடையில் விடாமல், காரத்தோடு மூடிவைத்து இரண்டு நாள் கழித்து நடுநிலையாக்குங்கள், எபாக்சைடின் பெரும்பகுதி அதற்குள் டையாலாகியிருக்கும்.

கேட்டயானிக் ஆக்கிய துணியை உலர்த்திச் சேமிப்பதானால் 110 டிகிரிக்கு மேல் போகாமல் உலர்த்தி, பாலித்தீனில் மூடிவையுங்கள். தூசியும் எண்ணெய்க் கறையும் இதில் சாதாரணத் துணியைவிடப் பிடிவாதமாக நிற்கும். பிஎச் 6 முதல் 7க்குள் இருக்கிறதா என்று உள்ளங்கை அளவு துண்டை வெட்டி, காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்துப் பார்த்துவிட்டு மூடுங்கள்.